குதிரைய கடிக்கிற ஈயும் அது கொண்டு வர்ற வருத்தமும்: மலைநாட்டுல குதிரை வச்சிருக்கிறவங்களுக்கு

குதிரை நின்ன எடத்துலயே கால தூக்கி தூக்கி தரையில அடிக்குதுன்னா அது சேட்டை இல்ல, குனிஞ்சி முன்னங்கால பாருங்க, முழங்காலுக்கு கீழ சாம்பல் கலர்ல நாலஞ்சு ஈ தலைய மேல வச்சிக்கிட்டு ஒட்டியிருக்கும். சைஸும் தோற்றமும் வீட்டு ஈ தான், ஆனா கிட்ட போய் பாத்தா வாய் முன்னால நேரா கூரா நீட்டிக்கிட்டு இருக்கும். வீட்டு ஈக்கு அந்த வாய் கிடையாது, அது நக்கும், இது குத்தி ரத்தம் குடிக்கும். இங்கிலீஷ்ல ஸ்டேபிள் ஃபிளைன்னு சொல்றது இதத்தான். பாதிப்பேர் இத வீட்டு ஈன்னே நெனைச்சி விட்டுடுறாங்க, அதுல தான் பிரச்சினையே ஆரம்பிக்குது.

நுவரெலியாவுல கிரகரி வாவிய சுத்தியும் ரேஸ் கோர்ஸ் பக்கமும் சவாரிக்கு போனி வச்சிருக்கிற தம்பிமாருக்கும், தோட்டத்துப் பக்கம் ஒன்னு ரெண்டு குதிரை வளக்கிற அண்ணன்மாருக்கும் தான் இத எழுதுறேன். பால் மாடு வச்சிருக்கிறவங்களுக்கு சங்கம் இருக்கு, வெட் ஒப்பீஸ்ல இருந்து வந்து சொல்லிக்குடுக்க ஆள் இருக்கு, குதிரைக்கு தமிழ்ல எழுதி வச்சது தேடிப்பாத்தா கைக்கு கிடைக்கிறது ரொம்ப கம்மி. அந்த மிருகம் நாள் முழுக்க நம்ம குடும்பத்துக்கு ஒழைக்குது, அதுக்கு இவ்வளவாவது தெரிஞ்சி வச்சிக்கணும்.

இங்க தான் குளிராச்சே ஈ எங்க வரப்போகுதுன்னு சொல்றவங்க இருக்காங்க. நுவரெலியா கிட்டத்தட்ட 1,868 மீட்டர் ஒசரத்துல இருக்கு, குளிர் ஈயோட வளர்ச்சிய மெதுவாக்கும், அது உண்மை தான். சூடான ஊர்ல முட்டையில இருந்து பறக்கிற ஈயா வர ரெண்டு மூணு கிழமை போதும்னா இங்க ஒரு மாசத்துக்கும் மேல எடுக்கும். ஆனா சாணி குவிச்ச எடத்துக்குள்ள கைய விட்டுப் பாருங்க, வெளிய பனி பெய்தாலும் உள்ள சூடு இருக்கும். புழுவுக்கு அந்த சூடு போதும். அதுவும் மழை பெஞ்சி ரெண்டு மூணு நாள் வெயில் அடிச்சா போதும், எல்லாம் ஒன்னா கிளம்பும்.

மொதல்ல எந்த ஈன்னு பாருங்க

ஸ்டேபிள் ஃபிளைல ஆணும் கடிக்கும் பொண்ணும் கடிக்கும். கால், வயித்துக்கு அடிப்பக்கம் தான் அதுக்கு புடிச்ச எடம். ஒரு தடவைக்கு ரெண்டு மூணு நிமிஷம் குடிச்சிட்டு பக்கத்துல செவுத்துலயோ வேலி கம்பத்துலயோ போய் உக்காந்து செரிக்க விடும், மிச்ச நேரம் குதிரை மேல இருக்கவே இருக்காது. இத நல்லா மனசுல வச்சிக்குங்க, குதிரை மேல மட்டும் மருந்து அடிச்சி இந்த ஈய ஒழிக்க முடியாதுங்கிறதுக்கு காரணமே இது தான்.

அடுத்தது பெரிய குதிரை ஈ, டபானிட்ன்னு சொல்ற வகை. கண்ணு பெருசு, சத்தமா ரீங்காரம் போட்டுக்கிட்டு வரும், வெயில் நல்லா அடிக்கிற நேரத்துல தான் வரும், மூடுபனி நாள்ல பாக்கவே கிடைக்காது. இதுல பொண்ணு ஈ மட்டும் தான் ரத்தம் குடிக்கும். இது ஊசி குத்துற மாதிரி குத்தாது, வாயில இருக்கிற கத்தியால தோல வெட்டி, வழியிற ரத்தத்த நக்கும், அதனால தான் அது போன பிறகும் ரத்தம் சொட்டிக்கிட்டு இருக்கும். ஓடைக்கரை, குளத்துக்கரை, சதுப்பு மண்ணு, அங்க தான் அதோட புழு வளரும். நம்ம ஊர்ல ஓடைக்கு பஞ்சமா, அதனால இத பிறக்குற எடத்துல போய் அழிக்க யாராலயும் முடியாது, குதிரைய தான் காப்பாத்தணும்.

அப்புறம் கண்ணுக்கு சரியா தெரியாத பொடிப்பூச்சி ஒன்னு, கியூலிகாய்டிஸ்ன்னு பேரு, அந்தி சாயிற நேரமும் விடியக்காலையும் கூட்டமா வரும். பிடரி மயிரும் வால் அடியும் தேய்ச்சி தேய்ச்சி மொட்டையாகி புண்ணாகுதுன்னா பெரும்பாலும் இதோட கடிக்கு வர்ற அலர்ஜி. மயிருக்குள்ள தட்டையா ஒட்டிக்கிட்டு பக்கவாட்டுல ஓடுற ஈ இன்னொன்னு இருக்கு, நசுக்கினாலும் லேசுல சாகாது, தொடை இடுக்குலயும் வால் அடியிலயும் இருக்கும், அத கையால புடுங்கி சவக்கார தண்ணியில போடுறது தான் நல்லது. நுளம்பு எல்லாருக்கும் தெரிஞ்சது தான்.

ஈ எப்படி நோய கொண்டு போகுது

இத புரிஞ்சிக்கிட்டா மிச்சம் எல்லாம் தானா வரும். ரெண்டு விதமா நடக்குது. ஒன்னு, பூச்சியோட ஒடம்புக்குள்ளயே கிருமி பெருகி கொஞ்ச நாள் கழிச்சி அடுத்த கடியில எறங்குறது. நுளம்பு ஜப்பானிய மூளைக்காய்ச்சல கொண்டு போறது அப்படி, 1985, 86ல அனுராதபுரம் பக்கம் மனுசங்களுக்கு பெருசா வந்திச்சே அதே வருத்தம் குதிரைக்கும் வரும், ஆனா குதிரையில இருந்து வேற ஆளுக்கு பரவாது. பொடிப்பூச்சி கொண்டு போற ஆபிரிக்க குதிரை நோயும் இந்த வகை தான். 2020ல தாய்லாந்துல அது திடீர்னு வந்து 500க்கும் மேல குதிரை செத்துச்சு, அங்க லாயம் முழுக்க கண்ணு ரொம்ப சின்னதா இருக்கிற பொடி நெட் கட்டி குதிரைய உள்ள வச்சி தான் மிச்சத்த காப்பாத்துனாங்க. தென்கிழக்கு ஆசியாவுல அப்படி ஒன்னு வரும்னு பெருசா யாரும் நெனைக்கல.

இன்னொரு விதம் தான் ஸ்டேபிள் ஃபிளையும் குதிரை ஈயும் பண்றது. இதுல கிருமி ஈக்குள்ள பெருகாது. நோய் உள்ள குதிரையில பாதி குடிச்சிக்கிட்டு இருக்கும்போது வலி தாங்காம குதிரை வால அடிக்கும், கால ஒதறும், ஈ பறக்கும், ஆனா வயிறு நெறையல. வாய்ல ஈர ரத்தத்தோட பக்கத்துல நிக்கிற அடுத்த குதிரையில போய் உக்காந்து மிச்சத்த குடிக்கும், அவ்வளவு தான், ரத்தம் மாறிப்போச்சு. அந்த வாய்ல ஒட்டியிருக்கிறது ரொம்ப ரொம்ப கொஞ்சம், அதுவும் கொஞ்ச நேரத்துல காஞ்சி போயிடும், கீழ சொல்லப்போற குதிரை ரத்தச்சோகை வைரஸ்னா சில மணித்தியாலத்துக்கு மேல ஈ வாய்ல தாங்காது. பக்கத்துல வேற குதிரை இல்லைன்னா அந்த ஈ பெரும்பாலும் திரும்ப அதே குதிரைக்கு தான் போகும்.

அதனால நான் சொல்றது ஒன்னே ஒன்னு தான், ஈய கொல்றதுக்கு செலவழிக்கிற காசையும் நேரத்தையும் விட, ஈ பிறக்கிற ஈரத்த எடுக்கிறதுக்கும் ரெண்டு குதிரைக்கு நடுவுல தூரம் வைக்கிறதுக்கும் கூட செலவழிங்க. சவாரி இல்லாத நேரத்துல போனிய எல்லாம் ஒரே கம்பியில வரிசையா தோளோட தோள் ஒட்டுற மாதிரி கட்டி வைக்கிறோம் பாருங்க, ஈக்கு அத விட வசதி ஒன்னும் இல்ல.

இப்படி ரத்தம் மாறி வர்றதுல ரெண்டு வருத்தத்த கட்டாயம் தெரிஞ்சி வச்சிக்குங்க. ஒன்னு சர்ரா. 1880ல கிரிஃபித் எவன்ஸ்ன்னு ஒரு மிருக டொக்டர் அந்தக்காலத்து பஞ்சாப்ல, இப்ப பாகிஸ்தான்ல இருக்கிற டேரா இஸ்மாயில் கான்ல செத்துக்கிட்டு இருந்த குதிரை, ஒட்டகத்தோட ரத்தத்த மைக்ரோஸ்கோப்ல பாத்து அதுல நெளிஞ்சிக்கிட்டு இருந்த ஒட்டுண்ணிய கண்டுபிடிச்சாரு, ட்ரிப்பனோசோமா எவன்சைன்னு அவர் பேர தான் அதுக்கு வச்சிருக்கு. இன்னைக்கும் இந்தியாவுல குதிரை, ஒட்டகம், மாடு, எருமை எல்லாத்துலயும் இருக்கு. காய்ச்சல் வரும், போகும், திரும்ப வரும். தீனி நல்லா தின்னும், ஆனா ஒடம்பு எளைச்சிக்கிட்டே போகும், கால்லயும் அடிவயித்துலயும் வீக்கம் வரும், பின்னங்கால் தள்ளாடும். மாட்டுல எருமையில பல தடவை ஒன்னும் தெரியாமலே ரத்தத்துல இருக்கும், அதனால குதிரைய மாட்டுப்பட்டியோட ஒட்டி கட்டாதீங்க. பால் மாட்டுக்கார வீடு பக்கத்துல இருக்கிறது நம்ம ஊர்ல சகஜம், ஒரு வேலி தூரமாவது வைங்க.

இன்னொன்னு குதிரை ரத்தச்சோகை வைரஸ், ஈ.ஐ.ஏ.ன்னு சொல்வாங்க. இதுக்கு மருந்தும் இல்ல, உலகத்துல பெரும்பாலான எடத்துல போடுறதுக்கு தடுப்பூசியும் இல்ல, ஒரு தடவை வந்தா அந்தக் குதிரை சாகுற வரைக்கும் வைரஸ் ரத்தத்துல இருக்கும், வெளிய பாத்தா நல்லா இருக்கிற மாதிரியே இருக்கும். 1970ல வந்த காகின்ஸ்ங்கிற ரத்த டெஸ்ட் தான் இத புடிக்கிறதுக்கு முக்கியமான வழி. ஆனா கிருமி ஏறினதுக்கும் டெஸ்ட்ல தெரியிறதுக்கும் நடுவுல ஒன்னரை மாசம் வரைக்கும் போகலாம், அதனால புதுக்குதிரைக்கு ஒரு டெஸ்ட்ல இல்லைன்னு வந்தவுடனே சந்தோசப்பட்டு மத்ததோட கட்டிடாதீங்க, திரும்ப ஒரு தடவை எடுக்க சொல்லுங்க.

இதுல ஈய விட மோசமான ஒன்னு இருக்கு, அது நம்ம கையில இருக்கிற ஊசி. ஒரு சிரிஞ்சில ஒட்டுற ரத்தம் ஈ வாய்ல ஒட்டுறத விட பல மடங்கு ஜாஸ்தி. ஒரே ஊசியால நாலு குதிரைக்கு விற்றமின் போடுற பழக்கம் எங்க இருந்தாலும் அது நாலு குதிரைக்கும் ஆபத்து, கொதிக்க வச்சி எடுத்தேன்னு சொல்ற கதையெல்லாம் வேணாம், ஊசி வெல கம்மி, ஒரு குதிரைக்கு ஒன்னு, முடிஞ்சதும் தூக்கி போடுங்க. 2006ல அயர்லாந்துல ஈ.ஐ.ஏ. வந்ததே குட்டிகளுக்கு ஏத்தின வெளிநாட்டு ரத்த பிளாஸ்மாவால தான்னு விசாரிச்சி சொன்னாங்க, அவ்வளவு கண்காணிப்பு உள்ள நாட்டுலயே அப்படி. பல்லு ராவுற அரம், ரத்தம் பட்ட கடிவாளம், உடம்பு கீறுற பிரஷ், எல்லாம் ஒவ்வொரு குதிரைக்கும் தனியா வைங்க, முடியாட்டி ஒவ்வொரு தடவையும் சவக்காரம் போட்டு கழுவி கிருமிநாசினியில முக்கி எடுங்க.

சாணியும் ஈரமும்

வேலையில முக்காவாசி இது தான். ஒரு பெரிய குதிரை ஒரு நாளைக்கு 20 கிலோவுக்கு மேல சாணி போடும், போனி கொஞ்சம் கம்மி. ஆனா வெறும் புது சாணிய விட மூத்திரம் ஊறின வைக்கோல், காஞ்ச புல்லு, சிந்தின தீனி எல்லாம் கலந்து புளிச்சிப்போன கலவை தான் ஸ்டேபிள் ஃபிளைக்கு பிடிச்சது. அதனால லாயத்து நடுவ மட்டும் கூட்டி வழிச்சிட்டு போறது பத்தாது. மூலைய பாருங்க, செவுத்து ஓரம், புல்லு போடுற தொட்டிக்கு அடி, தண்ணி வாளி வைக்கிற எடம், பலகைக்கு கீழ. ரெண்டு அங்குலம் கிளறிப்பாருங்க, வெள்ளைப்புழுவோ அரிசி அளவு கபில கலர் கூடோ இருந்திச்சின்னா உங்க ஈ அங்க தான் பிறக்குது.

ஈரமான படுக்கைய தினமும் எடுங்க, முழுசா மாத்துறது மூணு நாலு நாளைக்கு ஒரு தடவை. நல்ல வெயில் காலத்துல ஒரு கிழமைக்கு மேல ஒரு எடமும் கிளறாம கிடக்கக்கூடாது. வைக்கோலுக்கு பதிலா மரத்தூள், சீவின மரச்சுருள் கிடைச்சா அத போடுங்க, அதுல புழு வைக்கோல்ல மாதிரி வளராது. மரக்காலையில கேட்டா மூட்டையா குடுப்பாங்க, ஆனா மருந்தடிச்ச பலகையில வந்த தூள் வேணாம், கேட்டு வாங்குங்க. கழுவிக் காயவிட்ட பிறகு தரையில கொஞ்சம் நீத்துன சுண்ணாம்பு தூவி அது மேல படுக்கைய போட்டா ஈரம் இழுக்கும், ஆனா கொஞ்சமா, குதிரை தோல்ல நேரா படக்கூடாது.

எடுத்த சாணிய என்ன பண்றது, இது தான் இங்க பெரிய பிரச்சினை. மத்த ஊர்ல மெல்லிசா பரப்பி வெயில்ல காய வைங்கன்னு சொல்லுவாங்க, ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் நம்மளும் பண்ணலாம், வைகாசிக்கு பிறகு மழையிலயும் மிஸ்ட்லயும் ஒன்னும் காயாது. அதனால குவிச்சி மூடுங்க. குவியல் சின்னதா இருந்தா சூடு நிக்காது, ஒரு மீட்டர் ஒசரம் ஒரு மீட்டர் அகலமாவது வேணும். மேல கறுப்பு பொலித்தீன் இல்லாட்டி படங்கு போட்டு ஓரம் எல்லாம் கல்லு வச்சி அடைச்சிடுங்க, உள்ள 55, 60 டிகிரி வரைக்கும் சூடாகும், அதுல புழு சாகும். ஓரத்துல இருக்கிறது சூடாகாது, அதுல தான் புழு ஒதுங்கும், அதனால கிழமைக்கு ஒரு தடவை ஓரத்த எடுத்து நடுவுல போட்டு திரும்ப மூடுங்க. குவியல லாயத்துல இருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, மழைத்தண்ணி மேல இருந்து வந்து அதுக்குள்ள ஓடாத எடத்துல வைங்க. மரக்கறி தோட்டக்காரங்க கேட்டு வந்தா உர பேக்ல கட்டி குடுத்துடுறது எல்லாத்தையும் விட நல்லது.

மரக்கறி தோட்டம்னு சொன்னதும் இதையும் சொல்லணும். கந்தப்பளை, சீதாஎலிய, மீப்பிலிமான பக்கம் எல்லாம் கோவா, லீக்ஸ், கரட் போடுறவங்க கழிச்ச எலைய வரப்போரம் குவிச்சி அழுக விடுறாங்க, லொறியில வர்ற கோழி உரத்த மூடாம பல நாள் போட்டு வைக்கிறாங்க. அழுகுற மரக்கறியிலயும் பச்சை கோழி உரத்துலயும் ஸ்டேபிள் ஃபிளை நல்லா வளரும். மேற்கு அவுஸ்திரேலியாவுல பேர்த் பக்கத்துல இதே பிரச்சினை பெருசாகி, தோட்டத்துக்கு பச்சை கோழி உரம் போடக்கூடாதுன்னு சட்டமே கொண்டு வந்தாங்க. அதனால நீங்க லாயத்த எவ்வளவு துப்பரவா வச்சாலும் ஈ கொறையலைன்னா ஒங்க மேல குத்தம் சொல்லிக்காதீங்க, பக்கத்து தோட்டத்த ஒரு தடவை நடந்து பாருங்க. சண்டைக்கு போகாம, அண்ணே இத ஒரு படங்கு போட்டு மூடி வைங்க, ஈ ஒங்க வீட்டுக்கும் தானே வருதுன்னு பேசினா பெரும்பாலும் கேப்பாங்க.

சரிவான எடத்துல லாயம் இருந்தா மேல் பக்கம் ஒரு கான் வெட்டி மழைத்தண்ணிய திருப்பி விடுங்க. பீலி தண்ணி விழுந்து சேறாகிற எடத்துல கல்லு போட்டு நிரப்புங்க. குதிரை நிக்கிற எடம் காஞ்சி இருந்தா ஈயும் கொறையும், கொளம்பும் அழுகாது.

குதிரைய எப்படி காப்பாத்துறது

குதிரை ஈ இருட்டான எடத்துக்குள்ள லேசுல வராது. அதனால வெயில் நாள்ல பத்து மணியில இருந்து மூணு மணி வரைக்கும் சவாரி இல்லைன்னா நெழலான கூரைக்கு உள்ள கட்டுங்க. பொடிப்பூச்சிக்கு இதுக்கு நேர்மாறு, அந்தியில இருந்து விடியிற வரைக்கும் உள்ள வச்சி பொடி நெட் கட்டணும், சாதாரண நுளம்பு நெட்டுல அது நுழைஞ்சிடும். காத்து அடிச்சா அதால பறக்க முடியாது, ஒரு ஸ்டாண்ட் ஃபேன் வச்சா நல்ல வித்தியாசம் தெரியும், ஆனா வயர் குதிரை வாய்க்கும் கொளம்புக்கும் எட்டாத மாதிரி மேல கட்டுங்க.

வால கத்தரிக்காதீங்க. அழகுக்குன்னு வால் மயிரையும் நெத்தி மயிரையும் ஒட்ட வெட்டி விடுறது எனக்கு பாக்கவே வயிறு எரியும், கடவுள் அதுக்கு ஈ ஓட்டக் குடுத்த கை அது ஒன்னு தான். கட்டும்போதும் தலைய திருப்பி தோள்பட்டை வரைக்கும் ஓட்டுற அளவுக்கு கயிறு விடுங்க, அதுக்கு மேல நீளமா விட்டா கால் சிக்கும்.

முகத்துக்கு மெல்லிய நெட் துணியில மாஸ்க் தைக்கலாம், கண்ணுல ஒட்டாம கொஞ்சம் தூக்கி நிக்கணும், சாயங்காலம் கழட்டி கண்ண பாக்கணும். மேலுக்கு வெளிர் கலர் மெல்லிய துணி போடலாம். கறுப்பு, கபில குதிரைய தான் குதிரை ஈ அதிகமா தேடி வரும், வெள்ளைக்கு கம்மி, ஹங்கேரியில இத ஆராய்ஞ்சி பாத்திருக்காங்க, கறுத்த மயிர்ல பட்டு தெறிக்கிற வெளிச்சம் தான் ஈய இழுக்குதாம். 2019ல இங்கிலாந்துல வரிக்குதிரை மாதிரி கறுப்பு வெள்ளை கோடு போட்ட துணிய குதிரைக்கு போட்டு பாத்ததுல அது மேல எறங்கின குதிரை ஈ ரொம்ப கொறைஞ்சிச்சு, துணி மூடாத தலையில மட்டும் எப்பவும் போல எறங்கிச்சு. பழைய வெள்ளை பெட்ஷீட்ல கறுப்பு கோடு அடிச்சி போட்டு பாருங்க, வாவிக்கரையில வர்ற சின்னப்புள்ளைங்களும் ஆசைப்பட்டு பாக்கும்.

பொறி வைக்கிறதுன்னா ரெண்டு விதம் வீட்டுலயே செய்யலாம். ஸ்டேபிள் ஃபிளைக்கு நீலக்கலர் துணியோ பலகையோ எடுத்து, மேல தெளிஞ்ச பொலித்தீன் சுத்தி எலி புடிக்கிற பசைய தடவி, தரையில இருந்து இடுப்புக்கு மேல போகாத ஒசரத்துல வெயில் படுற எடத்துல நட்டு வைங்க, அந்த ஈ தாழ்வா தான் பறக்கும். குதிரை ஈக்கு பெரிய பந்து ஒன்னுக்கு பளபளன்னு கறுப்பு பெயின்ட் அடிச்சி வெயில்ல தொங்க விட்டு, அதுக்கு மேல குடை மாதிரி நெட் கட்டி உச்சியில ஒரு தெளிஞ்ச போத்தல் மாட்டணும். சூடாகி ஆடுற கறுப்பு உருண்டைய மிருகம்னு நெனைச்சி ஈ வரும், ரத்தம் கிடைக்காம மேல பறந்து போத்தலுக்குள்ள போயிடும். ரெண்டையும் குதிரைக்கு பக்கத்துல வைக்காதீங்க, ஈய கூப்புட்டு குதிரைக்கு விட்ட கதையாகும், ஈ வர்ற பக்கமா தள்ளி வைங்க.

மருந்துல ரொம்ப கவனம் வேணும், இத மட்டும் ரெண்டு தடவை வாசிங்க. மாட்டு உண்ணிக்கு அடிக்கிற அமிட்ராஸ் மருந்த குதிரைக்கு போடவே கூடாது, அது குடலோட்டத்த நிப்பாட்டி வயித்துல அடைச்சி வயித்துவலியில குதிரை செத்தும் போகலாம். பக்கத்து வீட்டு மாட்டுக்காரர் பாவம்னு நல்ல மனசோட குடுப்பாரு, வாங்காதீங்க. மரக்கறிக்கு அடிக்கிற எந்த மருந்தும் குதிரை தோலுக்கு வேணாம், அது நஞ்சு. மண்ணெண்ணெய், பழைய இஞ்சின் ஒயில் தடவுறதும் தோல பொசுக்கும். குதிரைக்குன்னே இருக்கிற பெர்மெத்ரின் ஸ்ப்ரே கிடைச்சா டொக்டர்கிட்ட அளவு கேட்டு காலுக்கும் வயித்துக்கும் அடிங்க, அது மீனுக்கும் பூனைக்கும் ஆகாது, அடிச்ச உடனே வாவியில எறக்கி குளிப்பாட்டாதீங்க, மிச்சத்த கான்ல ஊத்தாதீங்க. சித்திரனெல்லா எண்ணெய் நம்ம நாட்டு சரக்கு, ஒரு தேக்கரண்டிய அரை கப் தேங்காண்ணெயில கலந்து மொதல்ல கழுத்துல ஒரு சின்ன எடத்துல தடவி ஒரு நாள் பாத்துட்டு, ஒன்னும் ஆகலைன்னா கால்ல தடவலாம், ஆனா ஒரு மணித்தியாலம் மாதிரி தான் நிக்கும், சவாரிக்கு போறதுக்கு முன்னால தடவ சரியா இருக்கும். புகை மூட்டம் போடுறது பழைய வழி, தெறந்த வெளியில கொஞ்சமா சரி, மூடின லாயத்துல போட்டா குதிரைக்கு நெஞ்சு கெட்டுப்போகும்.

சேணம் உரசின புண்ண ஒரு நாளும் தெறந்து விடாதீங்க. ஈ அந்த ஈரத்துல உக்காந்து ஹாப்ரோனீமான்னு ஒரு புழுவோட குஞ்ச எறக்கிட்டு போகும், புண்ணு ஆறாம சதை வளந்து நடுவுல மஞ்சளா மணல் மாதிரி தட்டுப்படும். உப்புத்தண்ணியில கழுவி, டொக்டர் குடுத்த களிம்பு பூசி, புண்ணு ஆறுற வரைக்கும் சவாரிக்கு விடாம வைங்க. சீசன் நேரம் அது கஷ்டம்னு எனக்கு தெரியும்.

புதுக்குதிரையும் வருத்தமான குதிரையும்

ஏப்ரல் சீசனுக்கு ரேஸுக்கும் சவாரிக்கும் வெளியூர்ல இருந்து குதிரை வரும், கை மாறி வாங்குறதும் அந்த நேரத்துல தான். புதுசா வந்தத கொறைஞ்சது மூணு நாலு கிழமைக்கு, முடிஞ்சா ரத்தச்சோகைக்கு ரெண்டாவது டெஸ்ட் முடிவு வர்ற வரைக்கும், தனியா வைங்க. ரத்தச்சோகை உள்ள குதிரைய மத்ததுல இருந்து 200 யார் தள்ளி வைக்கணும்னு தான் உலகத்துல பல நாட்டுல விதி, அது அந்த குதிரை ஈ போற தூரத்த வச்சி போட்ட கணக்கு. நம்ம ஊர்ல அவ்வளவு எடத்துக்கு எங்க போறது, முடியலைன்னா நெட் அடிச்ச அறைக்குள்ள வச்சிட்டு எவ்வளவு தூரம் கிடைக்குதோ அவ்வளவு தூரம். சும்மா நாலு குதிரை தள்ளி கட்டுறத தூரம்னு சொல்லாதீங்க.

ஒரு டிஜிட்டல் தெர்மோமீட்டர் பாமசியில வாங்கி வைங்க. காலையில வேலைக்கு விடுறதுக்கு முன்னால வாசலின் தடவி ஆசனவாய்ல வச்சி பாக்கணும், பின்னால நிக்காம பக்கவாட்டுல ஒட்டி நில்லுங்க. 37.5ல இருந்து 38.5 வரைக்கும் சாதாரணம். ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு கொப்பியில எழுதி வைங்க, சர்ராவுல காய்ச்சல் வந்து வந்து போகும்னு சொன்னேனே, அந்த கொப்பி இல்லாட்டி அத கண்டுபுடிக்கவே முடியாது. உதட்ட தூக்கி ஈற பாருங்க, ரோஸ் கலர் போய் வெளிறியிருந்தா, இல்ல சின்ன சின்ன ரத்தப்புள்ளி இருந்தா லேசா எடுத்துக்காதீங்க.

காய்ச்சல் இருக்கும்போதே டொக்டர கூப்புடுங்க, எறங்கின பிறகு ரத்தம் எடுத்தா ஒட்டுண்ணி ஸ்லைட்ல தெரியாம போகலாம். மொதல்ல அரசாங்க வெட் ஒப்பீஸுக்கு சொல்லுங்க, அவங்க ரத்தத்த கன்னொறுவையில இருக்கிற மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்ப வழி பண்ணுவாங்க, பேராதனை கெம்பஸ் மிருக வைத்திய பீடமும் நமக்கு பக்கம் தான். மாட்டுக்கு போடுற பெரெனில் ஊசிய சர்ரான்னு நீங்களா முடிவு பண்ணி குத்தாதீங்க, குதிரைக்கு அது அளவு கொஞ்சம் கூடினாலும் ஆபத்து.

கோல் எடுக்கும்போது எத்தன நாளா காய்ச்சல், எவ்வளவு டிகிரி, தின்னுதா, கால் வீங்கியிருக்கா, கடைசியா எப்ப எந்த ஊசி போட்டது, எந்த ஊர்ல இருந்து எப்ப வந்த குதிரை, இத எல்லாம் கையில வச்சிக்கிட்டு பேசுங்க. டொக்டர் வர்ற வரைக்கும் அந்தக் குதிரைய இருட்டான அறைக்குள்ள விட்டு, அதுக்கு போட்ட கடிவாளம், சேணம், பிரஷ் எல்லாத்தையும் ஒரு சாக்குல போட்டு கட்டி, அதே வாசல்ல மாட்டி வைங்க.